குறை கூறுவோரும் குறை தீர்ப்போரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கோடையில் அவ்வழியே செல்வோர் கீழே விரியும் சமவெளியைக் கண்டு மகிழ்வர். பாதையோரத்துத் தடுப்புச் சுவரை எவரும் நோக்குவதில்லை. பெருமழை பெய்து பாறையொன்று உருண்டு வழியை அடைத்துவிட்டாலோ, பேருந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அச்சுவரின் நினைவு வந்துவிடுகிறது. "இதைக் கவனிக்க ஆளே இல்லையா?" என்ற கேள்வி எல்லார் வாயிலும் எழுகிறது. ஆள் இருக்கிறார்கள். மழையில் நனைந்தவாறு அந்தப் பாறையை அகற்றிக்கொண்டிருப்பவர்கள் அவர்களே.

மலைப்பாதையைக் காப்பவர்களுக்கு ஊதியம் உண்டு. ஊதியம் ஏதுமின்றி, உலகத்தார் பலரும் நடக்கும் பாதையொன்றைத் தம் ஓய்வு நேரத்தில் அமைத்துக் காத்துவருவோரும் இருக்கின்றனர். கட்டற்ற மென்பொருளை ஆக்கும் தொண்டர்களையே குறிப்பிடுகிறேன். பயன்படுத்துவோர் கூறும் குறைகள் பல. அவற்றைத் தீர்ப்போரிடம் உள்ள நேரமோ சிறிது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்துவரும் இழுபறிக்கு ஒரு வரலாறு உண்டு. மாணவர்களாகிய உங்களுக்கு அவ்வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் அதைக் கற்றது, ஒரு தவறு செய்து வெட்கப்பட்ட பின்னரே. ஆகையால் அத்தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சேர்வராயன் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து அப்பெயர் பிறந்தது என்பர். 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மலையாளிகள் எனப்படும் மக்கள் இங்குள்ள சிற்றூர்களில் வாழ்ந்துவருகின்றனர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டினர் என எண்ணிவிட வேண்டா. மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அப்பெயரைத் தாங்கிய தமிழ் பேசும் மக்கள் அவர்கள்.

நான் ஏற்காட்டில் ஆசிரியப் பணி செய்த காலத்தில், மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெயர்களைப் பற்றிப் பாட்டன் பாட்டியர் சொல்லும் செய்திகளைக் கேட்டு வந்து எழுதினார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி, வேண்டிய பெயரைத் தேடி எடுக்க ஒரு செயலியைப் பயன்படுத்தினோம். தமிழர் ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஆக்கி, விலையின்றி உலகுக்கு அளித்தது அது. சில வாரங்கள் நன்றாகவே பயன்பட்டது. ஒரு நாள், பள்ளி விழாவில் பெற்றோர் முன்னிலையில் அத்தொகுப்பைக் காட்டிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்கள் ஊர் கொட்டச்சேட்டை எடுத்துக் காட்டுங்கள்" என்றார். பெயரைத் தட்டினேன். "அப்படி ஒன்றும் இல்லை" என்றது கணினி. அவருடைய பேரன் எழுதிய கட்டுரை உள்ளே இருப்பதை நான் அறிவேன். மறுபடி தட்டினேன்; மறுபடியும் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார். பையன் தலை குனிந்தான்.

அன்றிரவே அச்செயலியை ஆக்கியவருக்குக் கடிதம் எழுதினேன். "உங்கள் செயலி வேலை செய்யவில்லை. இத்தகைய அரைகுறைப் பொருளை ஏன் வெளியிடுகிறீர்கள்? உடனே சரி செய்து அனுப்பவும்." மூன்றே வரிகள். நெஞ்சின் சூடு தணிந்தது, உறங்கிவிட்டேன். பதினொரு நாள்கள் மறுமொழி வரவில்லை. கோபம் மெல்லக் குறைய, இப்பொருள்களை ஆக்குவோர் யாவர், எதற்காக ஆக்குகின்றனர் என்று அறியும் ஆவல் எழுந்தது. அந்நாள்களிலும் அதற்குப் பின்னரும் நான் படித்தறிந்ததை இங்கே சுருக்கிக் கூறுகிறேன்.

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் படித்துப் பொருள் உணரத்தக்க வடிவில் எழுதப்பட்ட அக்கட்டளைகளுக்கு மூலநிரல் என்று பெயர். சமையற் குறிப்புக்கும் சமைத்த உணவுக்கும் உள்ள உறவே மூலநிரலுக்கும் இயங்கும் செயலிக்கும் உள்ளது. குறிப்பைக் கையில் வைத்திருப்பவன் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். உணவை மட்டும் பெற்றவன் குறை சொல்லத்தான் முடியும்.

1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்குக் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி செல்லும்படி அவர் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். பின்னர்ப் புதிய அச்சுப்பொறியொன்று வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் கண்டு கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று வாக்களித்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்தார். குறையும் கண்ணெதிரே இருந்தது. தீர்க்கும் அறிவும் கையில் இருந்தது. உரிமை மட்டும் இல்லை. இந்த நிலை ஸ்டால்மனின் உள்ளத்தை உறுத்தியது.

1983 செப்டம்பர் 27 அன்று அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குனு என்ற பெயரில் முழுமையான இயங்குதளம் ஒன்றை எழுதப் போவதாகவும், பயன்படுத்த விரும்பும் எவருக்கும் அதைத் தடையின்றி அளிக்கப் போவதாகவும் அதில் கூறினார். உதவி வேண்டும் என்றும் கேட்டார். என்னென்ன வேண்டும் என்று அவர் வரிசைப்படுத்திய முறையை நீங்கள் கவனிக்க வேண்டும். பணம், நிரல், கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர் கேட்டது நேரத்தை. தம் முயற்சியில் எது அரிதாகும் என்பதை முதல் நாளிலேயே அவர் உணர்ந்திருந்தார் போலும்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1991 ஆகஸ்ட் 25 அன்று கணினி ஆர்வலர் குழுவொன்றுக்கு அவர் மடல் எழுதினார். எந்தெந்த வசதிகளை மக்கள் விரும்புகின்றனர் என்று அதில் வினவினார். ஆலோசனைகளை வரவேற்பதாகக் கூறிய அவர், அவற்றை நிறைவேற்றுவதாக வாக்களிக்க இயலாது என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். லினக்ஸ் என்று பின்னர் உலகப் புகழ் பெற்ற தளத்தின் பிறப்பறிவிப்பு இதுவே.

இவ்விரு மடல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, "உங்கள் நேரத்தைத் தாருங்கள்" என்கிறது. மற்றொன்று, "கருத்தைச் சொல்லுங்கள், ஆனால் வாக்குறுதி கேளாதீர்கள்" என்கிறது. கட்டற்ற மென்பொருளின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு கருத்துகளின் விரிவே என்று சொல்லத் தோன்றுகிறது. 1989-இல் வெளியான குனு பொது உரிமமும், பொருளுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கியவன் வணிகனிடம் பேசும் உரிமை வேறு. நன்கொடை பெற்றவன் கொடையாளியிடம் பேசும் முறை வேறு.

அவ்வாறாயின் பெற்றவன் வாய்மூடி இருக்க வேண்டுமா? அன்று. குறை கூறுவோர் இல்லையேல் இப்பொருள்கள் வளர்ந்திருக்கவே மாட்டா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், நூல்களை அழகுற அச்சுக்கோப்பதற்கென 1970-களின் இறுதியில் டெக் என்ற மென்பொருளை ஆக்கினார். அதில் பிழை கண்டு சொல்வோருக்குப் பரிசு அறிவித்தார். தம் நூல்களில் பிழை கண்டோருக்கு அவர் அளித்த தொகை 2 டாலர் 56 சென்ட். கணினிக் கணக்கில் 256 என்பது சிறப்புடைய எண். ஆதலின் 256 சென்ட் என வைத்தார். அக்காசோலையைப் பெற்றவருள் பலர் அதை வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். அவ்வளவு பெருமை அதற்கு!

அதே கனூத் தம் நேரத்தைக் காத்துக்கொள்ளவும் அறிந்திருந்தார். டெக் பற்றி வரும் பிழைச் செய்திகளை அவர் நாள்தோறும் படிப்பதில்லை. தொண்டர்கள் சிலர் அவற்றைப் பெற்று, ஆராய்ந்து, உண்மையானவற்றை மட்டும் தொகுத்து வைப்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே அவர் அத்தொகுப்பைக் காண்பார். 2014-இல் ஒருமுறை கண்டார்; அடுத்து 2021-இல் கண்டார். குறைகளை மதித்தல், நேரத்தைக் காத்தல் ஆகிய இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

1997-இல் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் தொண்டர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வகுத்துக்கொண்டனர். குறைகளை மறைக்கமாட்டோம், வரும் பிழைச் செய்திகள் அனைத்தையும் எவரும் காணும்படி திறந்தே வைப்போம் என்பது அதில் ஓர் உறுதிமொழி. அதே ஆண்டில் எரிக் ரேமண்ட் என்பவர் ஒரு கட்டுரையில், போதிய கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் எளிதில் அகப்பட்டுவிடும் என்ற கருத்தை முன்வைத்தார். அது பெரும்புகழ் பெற்றது. கண்களின் எண்ணிக்கையைச் சொன்ன அக்கூற்று, கைகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின.

அவற்றைச் சொல்வதற்கு முன் நம் தமிழுக்கு வருவோம். 1990-களில் கணினியில் தமிழ் எழுதுவதே பெரும்பாடு. ஓர் எழுத்துருவில் எழுதியதை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் முதலியோர் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நன்னாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, விலையின்றி இணையத்தில் வைப்பது அதன் நோக்கம். பல நாடுகளில் வாழும் தமிழர் தம் வேலை முடிந்த இரவுகளில் ஆளுக்குச் சில பக்கங்களாக அப்பணியைச் செய்தனர். அதே 1998-இல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவொன்றும் தோன்றியது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலங்கைத் தமிழரான மயூரநாதன் அதன் தொடக்க காலத்தில் தனி மனிதராகப் பெரும்பணி ஆற்றினார். 2017-இல் அதன் கட்டுரைகள் 1 லட்சத்தை எட்டின. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கும் நோக்குடன் 2012-இல் கணியம் என்ற மின்னிதழும் வரலாயிற்று.

விக்கிப்பீடியாவின் அமைப்பில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. குறை கண்டவர் அதில் எழுதலாம். கட்டுரையின் தலைப்பிலேயே "தொகு" என்ற சொல்லும் இருக்கிறது. குறை கண்டவர் தாமே திருத்தியும் விடலாம். குறை கூறுவோன் ஓரிடத்திலும் தீர்ப்போன் வேறோரிடத்திலும் இருக்க வேண்டும் என்ற வரம்பையே அது அகற்றிவிட்டது. ஆயினும் தமிழ் அறிந்தோர் பல கோடி. தொடர்ந்து எழுதுவோரோ மிகச் சிலர். இந்த ஏற்றத்தாழ்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

அதற்குப் பெரிய சான்று 2014-இல் வெளிப்பட்டது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல் முதலியவற்றைப் பிறர் படிக்காதபடி மறைத்து அனுப்ப உதவுவது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற மென்பொருள். வங்கிகளும் அரசுகளும் பெரு நிறுவனங்களும் அதை நம்பியிருந்தன. 2011 டிசம்பர் 31 அன்று ஒரு சிறு பிழை அதில் நுழைந்தது. 2012 மார்ச்சில் அப்பிழையோடு அது வெளியாயிற்று. 2014 ஏப்ரல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, அதை எவரும் வெளிப்படுத்தவில்லை. ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட அப்பிழை வெளிப்பட்டபோது உலகமே திடுக்கிட்டது. அப்போதுதான் மற்றோர் உண்மையும் வெளிவந்தது. உலகின் பெருஞ் செல்வங்களைக் காத்துநின்ற அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவர். அதன் பின்னரே பெரு நிறுவனங்கள் கூடி நிதி வழங்கின. பயன்படுத்தியவர் கோடிக்கணக்கினர், காத்தவர் கைவிரலில் எண்ணத்தக்கோர்.

இன்னும் வியப்பான நிகழ்ச்சி 2024-இல் நடந்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்கப் பயன்படும் எக்ஸ்-இசட் என்ற சிறு மென்பொருளைப் பின்லாந்துக்காரர் ஒருவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றிக் காத்துவந்தார். 2022-இல் சிலர் அவருக்கு மடல் மேல் மடல் எழுதினர். வேலை மெதுவாக நடக்கிறது, உமக்கு அக்கறை போய்விட்டது, பொறுப்பை வேறொருவரிடம் கொடும் என்று நெருக்கினர். உள்ளம் சோர்ந்திருந்த அவர், இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதை நினைவூட்டினார். பின்னர், பணிவோடு உதவிவந்த புதியவர் ஒருவருக்குப் பொறுப்பில் பங்களித்தார். அந்தப் புதியவரே, 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெளியான பதிப்புகளில் களவு வழியொன்றை மறைத்துவைத்தார். நெருக்கி எழுதிய பெயர்களுக்குப் பின்னே உண்மை மனிதர்கள் இருந்தனரா, அதுவும் சூழ்ச்சியின் பகுதியா என்ற ஐயம் பரவலாக எழுந்தது. கதவை உடைக்க வந்தவர்கள் முதலில் காவலரைச் சோர்வடையச் செய்தனர் போலும்!

அக்களவு எவ்வாறு வெளிப்பட்டது? ஆன்ட்ரஸ் பிராய்ண்டு என்ற பொறியாளர், தம் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. மெதுவாயிருக்கிறது என்று வசைபாடவும் இல்லை. அளந்தார், காரணத்தைத் தேடினார், படிப்படியாகச் சான்று திரட்டினார், 2024 மார்ச் 29 அன்று யாவரும் அறிய விரிவான மடல் எழுதினார். உலகின் எண்ணற்ற கணினிகள் பெருந்தீங்கிலிருந்து தப்பின. ஒரே கதையில் இருவகைக் குறைமடல்களைக் காண்கிறோம். ஒருவகை மடல் தொண்டரின் நேரத்தை உறிஞ்சிக் கதவைத் திறந்துவிட்டது. மற்றொருவகை, எழுதியவர் தம் நேரத்தைச் சேர்த்து அனுப்பியமையால் அக்கதவை மூடியது.

இனி ஏற்காட்டுக்குத் திரும்புவோம். பன்னிரண்டாம் நாள் எனக்கு மறுமொழி வந்தது. அதில் கோபம் இல்லை. அவர் பகலில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாயிருந்தபடியால் காலந்தாழ்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். பிறகு மூன்று கேள்விகள்: "நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? உண்மையில் என்ன நடந்தது?" என் மூன்று வரிகளை மறுபடி படித்தேன். அம்மூன்று கேள்விகளுள் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டவரோ அவர்.

மறுநாள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். என் கடிதத்தையும் மறைக்காமல் படித்தேன். மாணவர்கள் சிரித்தார்கள். பின்னர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தொகுப்பில் இருந்த ஊர்ப் பெயர்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, கிடைத்தவற்றை ஒரு பக்கமும் கிடைக்காதவற்றை மறு பக்கமும் எழுதினார்கள். நாகலூர் கிடைத்தது, கிளியூர் கிடைத்தது, செம்மநத்தம், வாழவந்தி, மஞ்சக்குட்டை எல்லாம் கிடைத்தன. கொட்டச்சேடு, கொம்மக்காடு, கொளகூர் ஆகிய மூன்றும் கிடைக்கவில்லை. பலகையை நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கிடைக்காத பெயர் மூன்றும் 'கொ' என்று தொடங்குகின்றன" என்றாள்.

இதையும், எழுதப் பயன்படுத்திய விசைப்பலகை அமைப்பு, கணினியின் வகை முதலியவற்றையும் குறித்து அனுப்பினோம். இரண்டே நாளில் விடை வந்தது. ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. 'கொ' என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம். முன்னே வரும் கொம்புக்கு ஓர் எண், பின்னே வரும் காலுக்கு ஓர் எண் என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமமே என்று ஒருங்குறியின் விதி கூறுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அச்செயலி அவ்விதியைப் பின்பற்றாமல் எண்களை மட்டும் ஒப்பிட்டது. எங்கள் பிள்ளைகள் ஒரு கணினியில் ஒரு முறையில் எழுதியதை, நான் மற்றொரு கணினியில் மற்றொரு முறையில் தட்டித் தேடினேன். கண்ணுக்கு ஒன்றாயிருந்த கொட்டச்சேடு, கணினிக்கு இரண்டு ஊராகிவிட்டது.

"இதே குறையைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சில நேரம் தேடவில்லை என்று மட்டும் எழுதினார்கள். எந்தச் சில நேரம் என்பதை உங்கள் மாணவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள்" என்று அவர் எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் பிழை நீங்கிற்று. இரண்டு சொற்களையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒப்பிட வேண்டும். திருத்தம் சில வரிகளே என்றார். சில வரி எழுத ஒரு மாலைப்பொழுது போதும். எங்கே எழுதுவது என்று அறியாமல் கழிந்தவை இரண்டு ஆண்டுகள். கொட்டச்சேட்டுப் பெரியவரை அழைத்து அவர் பேரனின் கட்டுரையைக் காட்டினோம். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு முழுவதும் படித்தார். படித்தபின் அதிலும் ஒரு பிழை இருப்பதாகச் சொன்னார். பையன் உடனே திருத்தினான்.

கதை இங்கே இனிதாக முடிந்ததென்று நான் எண்ணியிருந்தேன். ஓராண்டுக்குப் பின் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வேலையும் குடும்பமும் பெருகிவிட்டன. வரும் மடல்களுக்கு விடையெழுதவே வாரத்து ஓய்வு முழுவதும் போய்விடுகிறது. நிரல் எழுத நேரமில்லை. ஆதலின் நிறுத்திவிட எண்ணுகிறேன் என்றார். எனக்குத் துணுக்கென்றது. மூன்று வரியில் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரமும் அக்கணக்கில் சேர்ந்ததன்றோ?

அப்போது, 'கொ' என்று கண்டு சொன்ன அதே மாணவி, சேலத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தவள், அவருக்கு எழுதினாள். தனக்கு நிரல் எழுதத் தெரியாது என்றும், வரும் மடல்களைத் தான் படித்து அந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, விடை கிடைத்தவற்றை மட்டும் ஒழுங்குபடுத்தி அவருக்கு அனுப்ப இயலும் என்றும் கூறினாள். கனூத்துக்கு உதவிய தொண்டர்கள் செய்த அதே வேலைதான். அவர் நிறுத்தவில்லை. முன்போல் விரைவாக இல்லாவிடினும் அச்செயலி இன்றும் வளர்ந்துவருகிறது. மடல் படிக்கும் வேலையில் இன்னும் இருவர் அவளோடு சேர்ந்திருக்கிறார்கள். மூவரும் ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, கட்டற்ற மென்பொருளுக்குத் தொண்டு செய்ய வேண்டுமானால் பெரும் நிரலாளராக வேண்டும் என்று அஞ்ச வேண்டா. பயன்படுத்தும்போது பிழை கண்டால், சினத்தை ஓரிரவு ஆறவிட்டு, என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். முன்பே எவரேனும் அதைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இயன்றால் அதே பிழையை மறுமுறையும் வரச்செய்து, எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரித்துக் காட்டுங்கள். நன்றாக இயங்கும் நாளிலும் ஒரு வரி எழுதுங்கள். தொண்டருக்கு அது எவ்வளவு அரிதாகக் கிடைப்பது என்பதை நான் அறிவேன்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிச் செடியை நட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே பயன் தரும். பிறகும் ஆண்டுதோறும் கவாத்து செய்ய வேண்டும். இல்லையேல் செடி காடாகிவிடும். நடுவது ஒருவர் செய்யும் வேலை. காப்பது, பழம் பறிக்க வரும் அனைவரும் தம் கையால் இயன்றதைச் செய்தாலன்றி நடவாது. அடுத்த முறை மலைப்பாதையில் செல்லும்போது தடுப்புச் சுவரை ஒருகணம் நோக்குங்கள். அதில் ஒரு கல் தளர்ந்திருந்தால், எந்த வளைவில், எந்தப் பக்கம், எத்தனையாவது கல் என்று குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.